படத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 அக்டோபரில் லெம்மன் வால்நட்சத்திரம் பூமியை நெருங்கி வந்தபோது உங்கள் நாளிதழில் அரைப்பக்கத்துக்குப் படம் போட்டிருந்தீர்கள். பச்சைத் தலை, பக்கம் முழுக்க நீண்ட வால். அருமையான படம். கீழே ‘வெறும் கண்ணால் பார்க்கலாம்’ என்று ஒரே வரி.

அதை வெட்டி எடுத்துக்கொண்டு எங்கள் தெருப் பையன் ஒருவன் என் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். தீபாவளி முடிந்த வாரம். மழை விட்டு மேற்கே கொஞ்சம் வானம் திறந்திருந்தது. பைனாகுலரில் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். பஞ்சைப் பிய்த்து வைத்த மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். நிறமே இல்லை. “இதுவா சார்?” என்று கேட்டுவிட்டு, கையில் இருந்த தாளை மறுபடி பார்த்தான். அந்த முகம் இன்னும் மனசில் நிற்கிறது.

படம் எடுத்தவர்மேல் குறை சொல்ல மாட்டேன். அரை நிமிட எக்ஸ்போஷரில், அதாவது கேமராவை அரை நிமிடம் ஒளிக்குத் திறந்து வைத்து, ஐம்பது அறுபது படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள், ஸ்டாக்கிங் என்போம். வால்நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் தலையை வைத்துத்தான் பொருத்த வேண்டும். விண்மீன்கள் கோடுகோடாக இழுபடுவது அதனால்தான். நீங்கள் போட்ட படத்திலும் அப்படியே இருந்தது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, கேமராவோ நிமிஷக்கணக்கில் ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பச்சை, இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு வெயில் பட்டு ஒளிர்வது. வாலுக்குப் போய்ச் சேருமுன் அதே வெயிலில் அது உடைந்துவிடும். ஆகவே வாலில் பச்சை இருக்காது.

இதையெல்லாம் சொன்னதும் பையன் பைனாகுலரைத் திரும்ப வாங்கினான். நேராகப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார் என்றேன். ரொம்ப நேரம் கழித்து, “சார், மேல் பக்கமா லேசா நீளுது” என்றான். வால்தான்!

2007 அக்டோபரில் ஹோம்ஸ் வால்நட்சத்திரம் இரண்டு நாளுக்குள் சுமார் 5 லட்சம் மடங்கு பிரகாசமானது. அதை முதலில் கவனித்துச் சொன்னவர் கேனரித் தீவுகளில் இருந்த ஓர் அமெச்சூர், ஆர்வத்துக்காக வானம் பார்ப்பவர். எங்கள் மாவட்டத்துக் காவலூரில் வானாய்வகம் அமைத்த வைணு பாப்புவும் 1949-ல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். அதற்கு அவர் பெயரும் உண்டு. ஏழாம் வகுப்புப் பையன் முதல் நாளே ஏமாந்து இறங்கிப் போனால் அப்புறம் மாடிக்கு வர மாட்டான் என்பதுதான் என் கவலை.

அடுத்த முறை படத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேருங்கள்: எந்த ஊரில், எந்த லென்ஸில், மொத்தம் எத்தனை நிமிட எக்ஸ்போஷர். கூடவே, எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரத்தில் என்றும் சொல்லுங்கள். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. பைனாகுலர் வேண்டுமென்றால், வேண்டும் என்றே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
திருப்பத்தூர்