பின் சக்கரம் இழுக்கும் வண்டிக்குப் பாடம் எடுப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் மலைப்பாதையில் வேன் கவிழ்ந்தது, சரக்கு வண்டி தடுப்புச் சுவரில் மோதியது என்ற செய்திகள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. 'ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்து' என்று ஒரு வரி இருக்கும். அதோடு செய்தி முடிந்துவிடும். வண்டி காலியாக வந்ததா, லோடோடு வந்ததா, பின் டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் வெட்டு) இருந்ததா, இழுவை எதில், அதாவது எஞ்சின் சுற்றுவது முன் சக்கரத்தையா பின் சக்கரத்தையா என்று இன்னொரு வரி சேர்த்தால், வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.

நான் நாமக்கல் லாரி ஓட்டிப் பிழைத்தவன். வீடு சேந்தமங்கலம் பக்கம். கொல்லிமலை அடிவாரம் எங்களுக்குப் பக்கம்தான். இப்போது ஸ்டியரிங்கைத் தொடுவது குறைவு என்றாலும், வண்டி வாங்கும் பையன்கள் யோசனை கேட்டு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். என் தங்கை மகன் சுற்றுலாவுக்கு ஓட்டலாம் என்று ஒரு மாருதி ஈக்கோ வேன் வாங்கினான். பயிற்சிப் பள்ளியில் முறையாகப் பழகி லைசென்ஸ் எடுத்தவன். மழை விட்ட மறுநாள் காலையில் கொல்லிமலை மேலே உள்ள சோளக்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி அரை வட்டம் அடித்து மலைப்பக்கமாக நின்றுவிட்டது. நல்ல வேளை, எதிரே யாரும் வரவில்லை. வீட்டுக்கு வந்து அவன் சொன்னது இதுதான்: "முன்னாடி நான் திருப்புன பக்கந்தாங்க மாமா போகுது. பின்னாடி அதுபாட்டுக்கு ஒரு பக்கம் வருது."

அவன் பழகிய கார் முன் சக்கர இழுவை. இன்று பெரும்பாலான பள்ளிகளில் இருப்பது அந்த வகைச் சின்னக் கார்தான். அதில் வளைவில் வேகம் கூடிப்போனால் மூக்கு நேராகப் போகப் பார்க்கும். பயந்து காலை எடுத்தால் போதும், பெரும்பாலும் வண்டி அடங்கிவிடும். ஈக்கோவில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, இழுப்பது பின் சக்கரம். ஈர ரோட்டில் மூன்றாம் கியரில் வந்து, வளைவுக்குள் நுழைந்த பிறகு திடீரென்று கியரை இறக்கி கிளட்சைப் பட்டென்று விட்டால் என்ன ஆகும்? எஞ்சின் பிடிக்கும் பிடி முழுவதும் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் போகும். வளைவு நடுவில் ஹேண்ட் பிரேக்கை இழுத்த கதைதான் அது. பையன் செய்தது அதைத்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் இதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் காலத்தில் தனியாகச் சொல்லித் தர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பழகிய அம்பாசடரும் பின் இழுவை, ஃபியட்டும் பின் இழுவை, ஜீப்பும் அப்படியே. 1983இல் மாருதி 800 வந்த பிறகுதான் முன் சக்கரம் இழுக்கும் சின்னக் கார் ஊரெல்லாம் பரவியது. அம்பாசடர் 2014இல் நின்றே போனது. லாரியில் என்றால், ஸ்டியரிங் பிடிப்பதற்கு முன் பல வருடம் கிளீனராக உட்கார்ந்து டிரைவரின் கால் போகும் போக்கைப் பார்த்திருப்போம். வளைவுக்கு எவ்வளவு முன்னால் கியர் போடுகிறார், கிளட்சை எப்படி விடுகிறார் என்பதெல்லாம் கேட்காமலே வந்து சேர்ந்த பாடம். இப்போது கிளீனர் என்ற ஆளே அருகிப்போனார்.

சட்டத்தையும் பாருங்கள். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காருக்குப் பயிற்சிப் பள்ளி 21 நாளுக்குக் குறையாமல், 10 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டக் கற்றுத் தர வேண்டும். எந்தச் சக்கரம் இழுக்கும் வண்டியில் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. பிழைப்புக்கு வழி தேடும் பையன்களுக்கு நல்ல தீர்ப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? சின்னக் காரில் பழகியவன் அடுத்த மாதமே பின் சக்கரம் இழுக்கும் டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் என்று ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலையில் அன்னாசிப் பழம் ஏற்றப் போகிறான்.

தன் வண்டி எந்த வகை என்று தெரியாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னோவா என்ற ஒரே பெயரில் கிரிஸ்டா பின் இழுவை, ஹைகிராஸ் முன் இழுவை. சந்தேகம் இருந்தால் குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். நீளவாக்கில் ஒரு ஷாஃப்ட் ஓடி, பின் அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரி ஒரு ஹவுசிங் இருந்தால் பின் சக்கரத்துக்கும் இழுவை உண்டு என்று அர்த்தம்.

தங்கை மகனுக்கு நான் பாடம் எடுத்த இடம் ஒரு சேகோ ஆலையின் களம். ஜவ்வரிசி காயப்போடும் சிமெண்ட் களம் மழைக்காலத்தில் சும்மாதான் கிடக்கும். ஆலைக்காரர் தெரிந்தவர். ஆள் நடமாட்டம் இல்லாத, சுவர் பக்கத்தில் இல்லாத களமாகப் பார்த்து, மழை நின்றதும் போனோம். முதல் கியரில் ஸ்டியரிங்கை ஒடித்து, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வட்டம் போடச் சொன்னேன். போட்டுக்கொண்டே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். பின்பக்கம் நழுவ ஆரம்பிப்பது முதலில் இடுப்பில்தான் தெரியும், கண்ணுக்கு அப்புறம்தான். அதை அவன் உடம்பு கண்டுகொள்ளும் வரை வேறு எதுவும் சொல்லவில்லை.

பிறகு கை வேலை. பின்பக்கம் இடது பக்கமாகப் போனால் ஸ்டியரிங்கும் இடது பக்கம். பார்வை வண்டி போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும், மோதிவிடுவோமோ என்று பயப்படும் இடத்தில் இருக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டும். குழம்பிப் போனால் கிளட்சை அழுத்திவிடலாம், பின் சக்கரம் எஞ்சின் பிடியிலிருந்து விடுபட்டு உருள ஆரம்பிக்கும். பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. பலரும் கோட்டை விடுவது அடுத்த நொடியில்தான். பின்பக்கம் பிடி கிடைத்ததும் ஸ்டியரிங்கை அதே வேகத்தில் நேராக்காவிட்டால், வண்டி மறுபக்கம் இன்னும் பலமாக அடிக்கும். கவிழ்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது அடியில்தான்.

ஆனால் இந்த வித்தை மலையில் காப்பாற்றும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். களத்தில் சறுக்கி நிற்க இடம் இருக்கிறது, மலையில் கிடையாது. களத்துக்குப் போவதே வண்டி எப்போது நழுவும் என்று தெரிந்துகொண்டு, நழுவாமல் ஓட்டுவதற்குத்தான். பிரேக், கியர், வேகம் மூன்றையும் நேர் ரோட்டிலேயே முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் கால் லேசாக இருக்க வேண்டும். ஸ்டியரிங் நேராகத் திரும்பி வரும்போதுதான் ஆக்சிலேட்டர். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வண்டியைச் சுற்றவிட்டு ரீல்ஸ் போடும் பையன்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

காலி பிக்கப் தனிக் கதை. பலாவும் வாழைத்தாரும் ஏற்றி இறங்கும்போது பின்னால் எடை இருக்கும், டயர் ரோட்டைக் கவ்வும். சரக்கை இறக்கிவிட்டு மழையில் மேலே ஏறும்போதுதான் பிரச்சினை. பின் அச்சின் மேல் எடை இல்லை. லோடுக்காகப் போட்ட கெட்டி ஸ்பிரிங் பட்டை காலி வண்டிக்கு அமுங்காது, குழியில் அச்சு துள்ளும். லோடுக்கு அடித்த காற்றைக் குறைக்காமல் வந்திருந்தால் டயர் தரையில் படும் இடமும் குறைவு. கொண்டை ஊசியின் உள்பக்கச் சக்கரம் லேசாகிச் சும்மா சுற்றும். இரண்டு பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் (அந்தப் பூசணிக்காய் ஹவுசிங்குக்குள் இருப்பது) குணம், இழுவையெல்லாம் சுற்றுகிற சக்கரத்துக்கே போய் வீணாகும். இந்த நேரத்தில் இன்னும் மிதித்தால் பின்பக்கம் பள்ளத்துப் பக்கம் போகும். காலைக் குறைத்துப் பிடி கிடைக்கும் வரை பொறுக்க வேண்டும். மணல் மூட்டை இரண்டு மூன்றைப் பின் அச்சுக்கு நேர் மேலே, நகராமல் கட்டி வைத்துக்கொள்வது பழைய வழக்கம், இன்றும் பலன் தரும். மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியைக் கார்க்காரர்கள் மதித்தாலே, வளைவு நடுவில் காலி வண்டியை நிறுத்தி எடுக்கும் ஆபத்து பாதி குறையும்.

புதுவண்டியில் ஏபிஎஸ் இருக்கிறதே என்று ஒரு பையன் கேட்டான். பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை மிதித்துச் சக்கரம் சுழன்றால் அதற்கும் ஏபிஎஸ்ஸுக்கும் சம்பந்தம் இல்லை.

டயர் கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் 'முன்னாடி மாட்டிக்கலாங்க, ஸ்டியரிங் நல்லா இருக்கும்' என்று சொல்லி மாட்டிவிடுகிறார்கள். நான்கும் ஒரே அளவாக உள்ள வண்டியில் நல்ல ஜோடி பின்னால்தான் இருக்க வேண்டும். முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் உடனே தெரியும், காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்னால் மொட்டை டயர் வழுக்குவது தெரியவரும்போது வண்டி திரும்பி முடித்திருக்கும்.

பின் இழுவை வண்டி மோசம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லோடோடு மேடு ஏறுவதற்கு அதை மிஞ்ச முடியாது. ஏற்றத்தில் எடை பின்னால் சாயும், சாயச் சாயப் பின் சக்கரம் நன்றாகப் பிடிக்கும். முன் சக்கரத்துக்கு இழுக்கும் வேலை இல்லாததால் கொண்டை ஊசியில் அழகாக ஒடியும். கற்றுக்கொண்டவன் கையில் அது நல்ல வண்டிதான்.

போக்குவரத்துத் துறைக்கு என் கோரிக்கை பெரிதல்ல. அந்த 10 மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது பின் இழுவை வண்டியில் ஓட்டிப் பழக்க வேண்டும் என்று விதியில் சேர்க்கட்டும். சின்னப் பள்ளிகளுக்கு இன்னொரு வண்டி வாங்குவது சிரமம் என்பது உண்மை. நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து இரட்டைக் கட்டுப்பாடு பொருத்திய ஒரு பழைய வேனைப் பகிர்ந்துகொள்ள அனுமதித்தால் செலவு தாங்கும். நாமக்கல், நீலகிரி, சேலம், கோவை போல மலைப்பாதை உள்ள மாவட்டங்களில் முதலில் தொடங்கலாம். களம் வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் சும்மா கிடக்கும் சேகோ களங்கள் நிறைய இருக்கின்றன. கேட்டால் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் லாரி ஓட்டுநர் ஒருவர்,
சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.