திருப்பூர் பேச்சு வேண்டாம், ஆத்தா

துவாஸ், சிங்கப்பூர்

அன்புள்ள ஆத்தாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் எல்லோருக்கும் கொப்புடையம்மன் துணையிருப்பாள். இந்தக் கடிதத்தை உன் மருமகளையே வாசித்துக் காட்டச் சொல். பிள்ளைகளை உன்னிடம் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்கிறாளே, அதைப் போனில் ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

வேலைக்குக் குறைவில்லை. விடியுமுன்னே லாரி வந்துவிடும். மதியச் சோறும் அப்போதே பொட்டலமாகக் கைக்கு வந்துவிடும். பிரிக்கிற நேரத்துக்குச் சாம்பார் புளித்திருக்கும். பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அறையில் ஒரு தம்பி லேப்டாப்பில் சீனாவில் எடுத்த படம் ஒன்று போட்டான். 'லாஸ்ட் டிரெயின் ஹோம்', 2009இல் வந்தது. நடிகர்கள் கிடையாது, நிஜக் குடும்பம். சிச்சுவான் கிராமத்துப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும், மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே குவாங்சோவுக்குப் போய் ஆயத்த ஆடை ஆலையில் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போவதும் லேசில்லை. அந்த நாட்டில் குடும்பப் பதிவு எந்த ஊரோ, பள்ளிக்கூடச் சலுகை அங்கேதான். சீனப் புத்தாண்டுக்கு மட்டும் ஊர். ரயில் ஏற நிற்கிற கூட்டத்துக்கு முன்னால் நம்ம தீபாவளிக் கூட்டமெல்லாம் ஒன்றுமே இல்லை. 2008இல் பனி கொட்டி ரயில் நின்றபோது, ஸ்டேஷன் வாசலில் லட்சக்கணக்கான பேர் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்களாம்.

பாட்டியிடம் வளர்ந்த மகள் படிப்பை விட்டுவிட்டு, அவளும் தையல் ஆலைக்கே போய்விடுகிறாள். புத்தாண்டுக்கு வந்த இடத்தில் வாய் தடித்து அப்பன் கை ஓங்க, அவளும் மல்லுக்கு நிற்கிறாள். எங்கள் அறையில் பாதிப் பேர் அப்பன் கட்சி. நான் மகள் கட்சி. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து மார்க் கேட்கிறவர் சொல்லை எந்தப் பிள்ளை மதிக்கும்? கடைசியில், மிச்சமிருக்கிற மகனையாவது பார்ப்போம் என்று தாய் ஊர் திரும்புகிறாள்.

நம்ம பாட்டையா, செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கியில் சமைக்க ரங்கூன் போன கதையை நீதானே சொல்வாய்? செட்டியார்களும் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் திரும்பினார்கள். ஆனால் அவர்கள் வீட்டு ஆச்சிமார் ஊரில் இருந்தார்கள். அத்தனை பெரிய வீட்டையும் பிள்ளைகளையும் கட்டி மேய்த்தது அவர்கள்தான்.

அதனால் பனியன் கம்பெனிப் பேச்சை இத்தோடு விடச் சொல். பிள்ளைகளை நீ நன்றாகத்தான் பார்ப்பாய், ஆத்தா, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உன் முழங்காலோடு எத்தனை வருஷம் ஓடுவாய்? அவளுக்கு வேலைதான் வேண்டுமென்றால் காரைக்குடியில் பலகாரம் போடுகிற இடங்களில் கேட்கட்டும். தேன்குழல் பிழிய அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கூலி குறைச்சல்தான், தெரியும். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஏஜெண்டுக்காக அடகு வைத்த நகையை நினைத்துத்தான் அவள் துடிக்கிறாள். ஓவர்டைம் காசை இனி வட்டிக்கென்று தனியாக அனுப்புகிறேன், வீட்டுச் செலவில் கைவைக்க வேண்டாம். அப்புறம், அவளுக்குக் கோபம் வந்தால் என்னிடமே போனில் சண்டை போடட்டும், உன்னிடம் வேண்டாம்.

உன் மகன்