மண்வெட்டியை எடுக்காதே, பிள்ளை

ஸ்காபரோ,
மே 26

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படத்தைக் கண்ணாடி போட்டு மூன்று தரம் பார்த்தேன். காய்ந்த தடி நாலைந்து, சுற்றிவர வெறும் மண். முந்தி இருந்தவர்கள் வைத்த செவ்வரத்தை பட்டுப்போச்சு, சனிக்கிழமை கிண்டி எறியப் போறன் என்று எழுதியிருக்கிறாய். பிள்ளை, மண்வெட்டியை எடுக்காதே. மே மாதக் கடைசியில் அது அப்படித்தான் கிடக்கும். ஒட்டாவாக் குளிருக்கு யூன் நடுப்பகுதி வரைக்கும் சிலவேளை ஒன்றும் தெரியாது.

நாங்கள் இங்கே முதல் வீடு வாங்கின வருசம் பின்வளவில் இதே மாதிரி ஒன்று நின்றது. செத்த பத்தை என்று நினைத்து மே மாதமே கிண்டினேன். கைமொத்த வேர். பாதி கிளம்பின பிறகுதான் அடியில் சிவந்த முளைகள் விரல்நுனி அளவில் நிற்பதைக் கண்டேன். திருப்பித் தாட்டேன், தண்ணீர் விட்டேன், வரவில்லை. சாமிக்கு வைக்கப் பூ வரும் என்று இருந்தவ உன் அம்மா.

ஊர் வேலிச் செவ்வரத்தையை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. அது தடியை முறித்துக் குத்தினாலே வரும், வருசம் முழுக்கப் பூக்கும், ஆனால் உறைபனி பட்டால் போய்விடும். எங்கள் சாடியில் நிற்பது அதுதான். இரவில் 10 பாகைக்குக் கீழே போகமுன்னம் வீட்டுக்குள் எடுத்துவிடுவோம். உன் வளவில் நிற்பதன் மூதாதை இந்தக் கண்டத்துச் சதுப்புநிலச் செடி. ஈரி ஏரிக்கரையில், பொயின்ற் பீலிப் பக்கம் இன்றைக்கும் தன்பாட்டில் வளர்கிறது. மேலே உள்ளதெல்லாம் குளிரில் சாகும். வேர் மட்டும் கிடந்து, மண் நன்றாகச் சூடேறின பிறகு முளைவிடும். பிறகு பார் அதன் ஓட்டத்தை! ஓகஸ்ட்டில் உன் தோளுக்கு வந்துவிடும். பூ சோற்றுக்கோப்பை அகலம், 25 சென்றிமீற்றர்கூட வரும். ஒரு பூ ஒரு நாளைக்குத்தான். அதில் மட்டும் எங்கள் செவ்வரத்தை மாதிரி.

சதுப்பில் பிறந்தது, அதனால் தண்ணீரில் கஞ்சத்தனம் பார்க்காதே. யூலை வெயிலில் காயவிட்டால் மொட்டு விரியாமலே கொட்டும். கூரைப் பீலித் தண்ணீர் விழுகிற மூலையில் நிற்கிறது, வைத்தவர் விசயம் தெரிந்தவர். களிமண்ணைப் பற்றிக் கவலைப்படாதே. ஆறு மணித்தியால வெயிலாவது வேணும். மேப்பிள் நிழல் விழுந்தால் கொப்பை வெட்டு, செடியை இடம் மாற்றாதே. வேர் தடித்த பிறகு கிளப்பி நடுவது அதற்கு ஒத்துவராது.

இலை வலை மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சினால் புரட்டிப் பார், அடியில் சின்னப் பச்சைப் புழு இருக்கும். நசுக்கிவிடு. செம்பு நிறத்தில் மினுங்குகிற யப்பான் வண்டைக் காலைக் குளிரில், அது பறக்கமுன்னம், சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் தட்டு. மருந்து அடிக்க வேண்டாம்.

இலையுதிர்காலத்தில் தடிகளை வெட்டாதே. விழுகிற சினோப் பனியைப் பிடித்து வைக்கும், வசந்தத்தில் செடி எங்கே என்றும் காட்டும். அடியில் காய்ந்த இலை ஒரு சாண் உயரத்துக்குப் போடு. ஏப்ரலில் நாலு விரல் விட்டு வெட்டினால் போதும்.

வேலியோரம் நிற்கிற மற்றப் பத்தை செவ்வரத்தையிலேயே வேறு சாதி. மரத்தடி உள்ளது, கொரியர்களின் தேசியப் பூ. செடிகளுக்கு லத்தீன் பெயர் வைத்த லின்னேயஸ் இதற்குச் சிரியா நாட்டின் பெயரை வைத்துவிட்டார், உண்மையில் அது சீனத்துச் செடி. அதை நிலத்தோடு வெட்டிவிடாதே அம்மா. நகத்தால் பட்டையைச் சுரண்டு, பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கருகின நுனியைப் பச்சை தொடங்குகிற இடம் வரைக்கும் மட்டும் நறுக்கு. புதுக்கொப்பில்தான் பூக்கும், ஆகையால் பயமில்லை. காய் வெடிக்கமுன்னம் எடுத்துவிடு, இல்லாவிட்டால் வளவு முழுக்கக் கன்று பிடுங்கவேண்டி வரும்.

யூன் 15 அளவில் இன்னொரு படம் அனுப்பு. ஓகஸ்ட்டில் நாங்கள் பஸ்ஸில் வருகிறோம். அதற்கு முதல் பூத்தால் அம்மாவுக்காகக் காத்திருக்காதே. காலையிலேயே ஆய்ந்து, தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டு, சாமிப்படத்துக்கு முன்னால் வை. பின்னேரம் சுருண்டுவிடும்.

அன்புடன்,
அப்பா