பாம்பு யாரையும் பழிவாங்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் காங்கோ பாம்புகள் பற்றிய கட்டுரையை, ‘ஜாடிப் பாம்புகளை ஆராய்ந்தவரை உயிருள்ள பாம்பு பழிவாங்கியது’ என்று முடித்திருக்கிறீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நீங்கள் சொல்லும் அந்த அமெரிக்கப் பாம்பு ஆராய்ச்சியாளர் கார்ல் ஷ்மிட் எப்படி இறந்தார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1957 செப்டம்பரில் சிகாகோ லிங்கன் பார்க் மிருகக்காட்சிசாலை, இது என்ன பாம்பு என்று கேட்டு ஒரு சின்ன பூம்ஸ்லாங்கை, அதாவது விஷமுள்ள ஓர் ஆப்பிரிக்க மரப்பாம்பை, அவருக்கு அனுப்பியது. கையில் எடுத்தபோது கட்டைவிரலில் கடித்தது. சின்னப் பாம்புதானே, ஆபத்தில்லை என்று நினைத்தார். உடம்பில் நடந்ததையெல்லாம் குறித்து வைத்துவிட்டு மறுநாள் இறந்துபோனார். ஜாடிகளில் பதப்படுத்தி வைத்த காங்கோ பாம்புகளைப் பற்றி அவர் எழுதியது 1923இல். இரண்டையும் முடிச்சுப் போடுவது என்ன நியாயம்?

பாம்பு பழிவாங்கும் என்று நீங்கள் அச்சிடுவது இது முதல் தடவையும் அல்ல. கதையிலும் வருகிறது, ஆன்மிகப் பக்கத்திலும் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு சாரைப்பாம்பை அடித்து, அதன் கண்ணில் ஆள் உருவம் பதிந்திருக்கும் என்று தலையை நசுக்கி எரித்தார்கள். விஷமே இல்லாத பாம்பு அது.

அப்புறம், ‘லாங், சாப்பின் என்ற இருவர் தனியாகப் பிடித்த பாம்புகள்’ என்கிறீர்கள். 1909 முதல் 1915 வரை நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக அவர்கள் பெல்ஜியன் காங்கோவில் சேகரித்தது உண்மை. ஆனால் அங்கே மெட்ஜே, அவகுபி போன்ற ஊர்களில் காட்டை அறிந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பெட்டிகளைத் தலையில் சுமந்து நடந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஜாடிகளின் லேபிளில் அவர்கள் பெயர் இல்லை. நூறு வருஷம் கழித்து நீங்களும் விட்டுவிட்டீர்களே.

ஒரு கல்லூரியின் விலங்கியல் மியூசியத்தில் ஜாடிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன் நான். பச்சைப்பாம்பை ஸ்பிரிட்டில் போட்டால் பச்சை போய் நீலம் பாய்ந்துவிடும். பிடித்த இடத்திலேயே நிறத்தை எழுதி வைக்காவிட்டால் பிறகு யாராலும் சொல்ல முடியாது. காங்கோவுக்கே போகாத ஷ்மிட் அந்தப் பாம்புகளைப் பற்றி எழுத முடிந்தது, லாங்கும் சாப்பினும் அங்கேயே குறிப்பு எழுதி வைத்ததால்தான். எங்கள் கல்லூரியிலோ கட்டிடத்தை இடித்தபோது ஜாடிகளை லேபிளோடு குப்பையில் கொட்டினார்கள். நான் கேட்டதற்கு, செத்த பாம்புதானே என்றார்கள். உங்கள் கட்டுரையிலும் அதே தொனி இருப்பதுதான் எனக்கு வலிக்கிறது.

சரி, முழுக் கட்டுரையையும் திருத்த மாட்டீர்கள் என்று தெரியும். 34ஆம் பக்கப் படத்தின் கீழ் ‘காங்கோ ராஜநாகம்’ என்று போட்டிருக்கிறீர்கள். ராஜநாகம் ஆசியப் பாம்பு, ஆப்பிரிக்காவில் கிடையாது. படத்தில் இருப்பது காபோன் விரியன். அதையாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்