பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை நடத்தும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரியும் நான், அங்கே மாதக்கணக்கில் தங்கிவிடும் குழந்தைகளுக்காக இதை எழுதுகிறேன். மிகக் குறைமாதத்தில் பிறந்து, கர்ப்ப வாரங்களையும் சேர்த்து 36 வாரங்கள் ஆன பிறகும் ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ இல்லாமல் மூச்சுவிட இயலாதவர்கள் இவர்கள். இவர்களுக்கு இருப்பது, 1967-இல் நார்த்வே என்பவரும் அவருடைய சக மருத்துவர்களும் முதன்முதலில் விவரித்த பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா என்னும் நாட்பட்ட நுரையீரல் நோய்.

பிறந்த முதல் நாட்களுக்குரிய சிகிச்சையையே நாம் இவர்களுக்கும் நீட்டித்துக்கொண்டு போகிறோம் என்பதுதான் என் கவலை. தொடக்கத்தில் நுரையீரல் காயப்படாதிருக்கச் சிறிய அளவுக் காற்றை விரைவாகச் செலுத்துகிறோம். நோய் வேரூன்றிய நுரையீரலிலோ சில பகுதிகள் காற்றை மெதுவாகவே வெளிவிடுவதால், ஒவ்வொரு மூச்சின் அளவையும் கூட்டி, எண்ணிக்கையைக் குறைத்து, காற்று வெளியேறப் போதிய நேரம் தரவேண்டியுள்ளது. பணிமுறை மாறி வரும் ஒவ்வொரு மருத்துவரும் கருவியின் உதவியைச் சற்றுக் குறைத்துப் பார்ப்பது நல்லெண்ணத்தால்தான். ஆனால் குழந்தை உண்ட பாலின் சத்தெல்லாம் மூச்சுவிடும் உழைப்பிலேயே செலவாகி, எடை கூடாமல் நின்றுவிடுகிறது. காற்றுச் சிற்றறைகள் பிறந்த பிறகும் சில ஆண்டுகள் உருவாகிக்கொண்டிருப்பதால், இந்நோயில் வளர்ச்சியைவிடப் பெரிய மருந்து இல்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே இக்குழந்தைகளுக்கென ஒரு நிலையான குழுவை அமைக்க வேண்டுகிறேன். பச்சிளங்குழந்தை மருத்துவர், நுரையீரல் மருத்துவர், இதய மருத்துவர், சுவாச சிகிச்சையாளர், உணவியல் வல்லுநர், விழுங்குதலையும் உடல் அசைவையும் பழக்கும் சிகிச்சையாளர்கள், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் ஆகியோரோடு, குழந்தையின் முகக்குறிப்பை அறிந்த அதே செவிலியர்களும் அதில் இருக்கவேண்டும். நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் உயர்கிறதா என்று எக்கோ பரிசோதனையால் அவ்வப்போது பார்ப்பது, வாய்வழிக் குழாய்க்குப் பதிலாகக் கழுத்தின் வழியே மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் பொருத்தும் சிகிச்சை தேவையா என்று பெற்றோருடன் காலத்தே பேசுவது, வீட்டில் ஆக்சிஜன் கொடுக்க அவர்களைப் பழக்குவது, வீடு திரும்பிய பின்னும் தொடர்ந்து கவனிப்பது எல்லாம் அக்குழுவின் பொறுப்பாகட்டும். துளையிடுவதைத் தோல்வியாக எண்ணிக் கலங்கும் தாய்க்கு, அதன் பிறகு குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவது எளிதாகும் என்று சொல்ல, அவருக்கு ஏற்கெனவே அறிமுகமான ஒருவர் வேண்டும்.

இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. முதற்படியாக, பொறுப்பு மருத்துவர் ஒருவரை நியமித்து, வாரம் ஒருமுறை பெற்றோரும் அமரும் கலந்தாய்வுக்குப் பணிநேரத்திலேயே இடம் ஒதுக்கி, அங்கே எழுதப்படும் சிகிச்சைத் திட்டத்தைக் குழுவைக் கலக்காமல், அவசர நிலை தவிர, எவரும் மாற்றலாகாது என்று ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்