டேங்கர் கவிழ்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பொன்னாக்குடி விலக்கில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அரை மணி நேரத்தில் ஏழு டேங்கர் லாரிகள் கடந்து போயின. அதில் மூன்றின் பின்பக்கப் பலகையை வாசிக்கவே முடியவில்லை. ஒன்றில் சேறு அப்பியிருந்தது, ஒன்றில் பெயிண்ட் உரிந்திருந்தது, இன்னொன்றில் பலகையை மறைத்து ஒரு பிளாஸ்டிக் குடம் தொங்கியது. தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டேங்கரைக் கண்டால் என் கண் தானாக அந்தப் பலகைக்குத்தான் போகும்.

ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டியின் இரண்டு பக்கமும் பின்னாலும் அந்தப் பலகை இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. சரக்கின் பெயர், நாலு இலக்க யு.என். எண் (ஒவ்வொரு சரக்குக்கும் ஐ.நா. கொடுத்த அடையாள எண்), அபாயச் சின்னம், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். டிரைவர் கேபினில் 'டிரெம் கார்டு' என்ற விவரத்தாளும் இருக்க வேண்டும்.

அந்த நாலு இலக்கத்தின் அருமை எனக்கு விளங்கியது ஓர் ஐப்பசி இரவில். பல வருஷங்களுக்கு முன்பு, மூன்றடைப்புக்கு அந்தப் பக்கம் ஒரு டேங்கர் ரோட்டோரம் கவிழ்ந்து கிடந்தது. நாங்கள் தெற்கேயிருந்து போனோம். ஐப்பசி வாடை வடக்கேயிருந்து அடித்துக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கிய உடனே வெள்ளைப் புகை முகத்தில் அறைந்தது. மூக்கும் தொண்டையும் மிளகாய்ப் பொடி அள்ளிப் போட்டதுபோல் எரிந்தன. அடிபட்ட டிரைவரை அதற்குள் ஒரு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். கேபினில் இருந்த காகிதங்கள் மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. டீக்கடைப் பையன் ஒருவன் ஈரச் சாக்கை எடுத்துப் பலகையைத் துடைத்தான். டார்ச் அடித்துப் பார்த்தோம். 1789.

எண்ணை வாசித்துவிட்டோம். அது என்ன சரக்கு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பலகையில் இருந்த போன் நம்பரில் கடைசி இரண்டு எண்கள் உரிந்து போயிருந்தன. அங்கே இங்கே கேட்டு, அது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று தெரிய நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷத்துக்குள் பக்கத்து வீட்டுச் சனங்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. ஒரு வயதான ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம்யா ஓட? சொல்லுய்யா" என்றார். நாங்கள் வந்த வழியில் ரோடு காலியாக இருந்தது. அதைக் கைகாட்டினேன். புகை போன பக்கமும் அதுதான். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஆச்சி மாசக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கையின் பிடி எனக்கு மறக்கவில்லை.

அதற்கு வெகுநாள் கழித்துத்தான் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாடுகளும் சேர்ந்து வெளியிடும் அவசரகால வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்தேன். நாலு வருஷத்துக்கு ஒருமுறை திருத்திப் போடுகிறார்கள், கடைசியாக 2024-இல் வந்திருக்கிறது. சட்டைப்பையில் வைக்கிற அளவுதான். எண் தெரிந்தால் மஞ்சள் பக்கம், பெயர் தெரிந்தால் நீலப் பக்கம். இரண்டும் ஒரு மூன்று இலக்க வழிகாட்டி எண்ணைச் சொல்லும். அதை ஆரஞ்சுப் பக்கத்தில் புரட்டினால் என்ன ஆபத்து, எவ்வளவு தூரம் விலகி நிற்பது, தண்ணீர் அடிக்கலாமா கூடாதா, மேலே பட்டவருக்கு என்ன முதலுதவி என்று அத்தனையும் இரண்டே பக்கத்தில் இருக்கிறது. 1789-க்கு வழிகாட்டி 157. நாங்கள் நாற்பது நிமிஷம் தேடியதை அரை நிமிஷத்தில் எடுத்துவிடலாம். சரக்கு இன்னதென்றே தெரியாவிட்டாலும் வழி வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி 111-ஐப் பார், எல்லாப் பக்கமும் குறைந்தது 100 மீட்டர் தள்ளி நில் என்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். தெரியாத நேரத்திலும் கைகட்டி நிற்க விடாமல் ஒரு முடிவைக் கையில் கொடுக்கிறது.

பச்சைப் பக்கம் விஷவாயுக்களுக்கு. குளோரின் (1017), அம்மோனியா (1005) போன்றவற்றுக்குப் பகலில் இவ்வளவு தூரம், ராத்திரியில் இவ்வளவு தூரம் என்று தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரிக் கணக்குதான் பெரியது. பகல் வெயிலில் காற்று மேலும் கீழுமாகக் கலங்கி வாயு நீர்த்துவிடும், இரவில் அடங்கிய காற்றில் தரையோடு தரையாக நகரும். உவரி, கூடுதாழை மாதிரிக் கடற்கரை ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மீனுக்கு ஐஸ் போடும் இடங்களில் அம்மோனியா உண்டு. எண்ணூரில் 2023 டிசம்பரில் அம்மோனியா கசிந்து சனங்கள் வீட்டை விட்டு ஓடியதும் நள்ளிரவில்தான்.

சமையல் காஸ் டேங்கரின் எண் 1075. கசிவு என்றால் 100 மீட்டர் உடனே விலக வேண்டும். டேங்கரில் தீ பிடித்துவிட்டால் 1600 மீட்டர். எங்கள் ஊரில் மீட்டர் கணக்குச் சொன்னால் யாருக்கும் கண்ணில் நிற்காது. நெடுஞ்சாலையில் 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் நட்டிருப்பார்கள். எட்டுக் கல் தாண்டி ஓடு என்றால் குழந்தைக்கும் புரியும். இந்த காஸ் காற்றைவிடக் கனமானது. ஓடை, வாய்க்கால், கிணறு என்று பள்ளம் பார்த்து இறங்கும். 2012 ஆகஸ்டில் கண்ணூர் பக்கம் சாலாவில் கவிழ்ந்த டேங்கரிலிருந்து காஸ் வீடுகளுக்குள் பரவிய பிறகு தீப்பிடித்து 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் காஸுடன் டேங்கர் கவிழ்ந்தது. உடனே தண்ணீர் பீய்ச்சினார்கள், போக்குவரத்தை நிறுத்தினார்கள், சுற்றிலும் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அந்தப் புத்தகத்தை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது. அது அவர்கள் ஊர் ரோட்டுக்குப் போட்ட கணக்கு. நம் ஊரில் ரோட்டை ஒட்டியே வீடு, டீக்கடை, பள்ளிக்கூடம். நம் நிபுணர்கள் சரிபார்த்து, நம் சாலையில் தினமும் ஓடுகிற சரக்குகளை மட்டும் எடுத்துத் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் போட வேண்டும். காஸ், பெட்ரோல், அமிலங்கள், காஸ்டிக் சோடா, குளோரின், அம்மோனியா இருந்தால் முக்கால்வாசி வந்துவிடும். காலி டேங்கரிலும் ஆவி நிற்கும், அதுவும் ஆபத்து என்பதையும் பெரிய எழுத்தில் போட வேண்டும். தீயணைப்பு நிலையத்தோடு நின்றுவிடாமல் போலீஸ் ரோந்து வண்டி, 108 ஆம்புலன்ஸ், பஞ்சாயத்து அலுவலகம், பஞ்சர் கடை வரைக்கும் அது போக வேண்டும். நாங்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் முதலில் அங்கே நிற்பது பஞ்சர் கடைக்காரர்தான். நான் வேலையில் இருந்தவரை எங்கள் கைக்கு வந்த விவரமெல்லாம் ஆங்கிலத்தில்தான் வந்தது.

செல்போனில் செயலி இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் இதற்கென்றே நடத்திவந்த 'வைசர்' செயலியை 2023-இல் நிறுத்திவிட்டது. மழை ராத்திரியில் டவர் போய்விட்டால் கையில் இருக்கிற தாள்தான் உதவும்.

காற்றைப் பார்க்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் மேல்காற்று ஆளையே தள்ளும், ஐப்பசியில் திசை மாறிவிடும். காற்றாலை எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. அந்தப் பக்கமாக, மேட்டைப் பார்த்துப் போக வேண்டும். குறுக்கே சரக்கு கிடந்தால் பக்கவாட்டில் விலகி, சுற்றிக்கொண்டு போக வேண்டும். இவ்வளவு காற்றாலை இருக்கிற ஊரில் அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை.

கூடங்குளத்தில் அணுமின் நிலையத்துக்காகச் சுற்றுவட்டாரத்தில் ஒத்திகை நடத்துகிறார்கள். சாலைக்கும் வருஷத்துக்கு ஒன்று நடத்தலாம். நான்குவழிச் சாலை தாமிரபரணியைத் தாண்டும் பாலத்தில் ஓர் அமில டேங்கர் கவிழ்ந்தால் என்ன செய்வது? கழுவிவிட்டால் அது போய்ச் சேருவது நம் குடிதண்ணீரில். மண்ணால் அணைகட்டித் தடுக்க யார் வருவார்கள், மணல் எங்கிருந்து வரும் என்று இப்போதே பேசி வைத்தால்தான் உண்டு. நாங்குநேரி, கயத்தாறு டோல்கேட்டுகளில் பணம் வாங்க நிறுத்துகிற நேரத்தில் பலகை துடைத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்க்கலாம்.

என்னால் முடிந்ததை நான் செய்துகொண்டிருக்கிறேன். அன்றைக்குச் சாக்கால் துடைத்த பையன் இப்போது அதே டீக்கடைக்கு முதலாளி. போன மாசம் ஒரு தாளில் 1005, 1017, 1075, 1203 (பெட்ரோல்), 1789, 1830 (கந்தக அமிலம்) என்று ஆறு எண்களை எழுதி, எதிரே சரக்கின் பெயரையும் விலக வேண்டிய தூரத்தையும் குறித்துக் கொடுத்தேன். பாய்லருக்கு மேலே, ஆவி படாத இடத்தில் ஒட்டியிருக்கிறார். தீயணைப்புத் துறையிடம் சரிபார்த்து, அப்படி ஒரு பட்டியலை நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதழில் கட்டம் கட்டிப் போட்டால், மற்ற கடைக்காரர்களும் வெட்டி ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்,
பாளையங்கோட்டை.