உடற்கல்வியையே எடு, கயல்

அன்புள்ள கயல்,

அங்கே இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் ஏ-லெவலில், உயிரியல், உளவியல் இரண்டோடு மூன்றாவது பாடமாக உடற்கல்வியை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். எடு. எனக்கு இதில் தயக்கமே இல்லை.

"விளையாட்டெல்லாம் ஒரு பாடமா? கணக்கை எடுக்கச் சொல்" என்று பெரியப்பா என்னிடமும் சொன்னார். உன் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார், பொறுமையாகக் கேட்டுக்கொள். ஆனால் அப்பா அனுப்பிய, அங்கே தேர்வு நடத்தும் ஏ.கியூ.ஏ. வாரியத்தின் பாடத்திட்டத்தை வரி விடாமல் படித்தவள் நான். இங்கே நம் ஊரில் பொதுத்தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியட் முதல் ஆளாகக் காணாமல் போகும். கணக்கு டீச்சரோ அறிவியல் டீச்சரோ எடுத்துக்கொள்வார்கள். இத்தனை ஆண்டு பி.டி. டீச்சராக இருந்துவிட்டு அந்தப் பாடத்திட்டத்தைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? அங்கே பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் போடும் புள்ளிக் கணக்கில் கணக்குப் பாடத்தின் 'ஏ'வுக்கும் 48தான், உடற்கல்வியின் 'ஏ'வுக்கும் 48தான்.

நீ நன்றாக ஹாக்கி ஆடுவாய் என்பதற்காக இதை எடுக்காதே. ஆட்டத்துக்குக் கிடைப்பது மொத்தத்தில் 15 சதவீதம். உன் ஆட்டத்தை நீயே ஆராய்ந்து மதிப்பிடுவதற்கு இன்னொரு 15. மீதி 70 சதவீதமும் எழுத்துத் தேர்வு: இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், 105 மதிப்பெண். இரண்டு ஆண்டுப் படிப்பின் முடிவில்தான் எழுத வேண்டும். மாவட்ட அணியில் ஆடுகிற பிள்ளையும் உட்கார்ந்து படிக்காவிட்டால் இதில் தேற முடியாது.

ஆனால் நீ ஆடுகிற ஆட்டமே உனக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டும். போன மாதம் போனில் சொன்னாயே, மூன்று முறை தொடர்ந்து எதிரணியின் கோல் வட்டம் வரை ஓடிவிட்டு நான்காவது முறை கால் எழவே இல்லை என்று. பயிற்சி போதாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். காரணம் உன் தசைக்குள் இருக்கிறது. தசைக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற வேதிப்பொருள் உடனடியாகக் கிடைக்கும் அளவு இரண்டு மூன்று விநாடிகளில் தீர்ந்துவிடும். அதை மீண்டும் உண்டாக்கித் தருவது, தசையிலேயே சேர்ந்திருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற இன்னொரு பொருள். முழு வேகத்தில் ஓடினால் அதுவும் பத்து விநாடிக்குள் ஏறக்குறைய காலி. நின்று மூச்சு வாங்கினால் முப்பது விநாடியில் பாதி திரும்பி வரும். முழுவதும் வரச் சுமார் மூன்று நிமிடம் ஆகும். இடைவெளியே இல்லாமல் மூன்று முறை ஓடியவளுக்கு நான்காவது ஓட்டத்தில் அந்த இருப்பு எங்கிருந்து வரும்? அப்போது உடல் ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸைச் சிதைக்கத் தொடங்குகிறது. அதில் சேரும் அமிலத்தன்மை நொதிகளின் வேலையைத் தடுக்கிறது. கால் கனப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஹாக்கியில் ஆட்டக்காரர்களை அடிக்கடி மாற்றி மாற்றி இறக்குவதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. இதை உன் ஆட்டத்தை உதாரணமாக வைத்து எழுதினாய் என்றால், மனப்பாடம் செய்து எழுதுகிறவர்களைவிட ஒரு படி மேலே நிற்பாய். அறிந்ததற்கு மட்டும் அங்கே மதிப்பெண் இல்லை. பொருத்திக் காட்டுவதற்கும் அலசி முடிவு சொல்வதற்கும் தனித்தனியாக உண்டு.

திறன் கற்றல் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இருக்கிறது. ஒரு சைகைக்கு உடல் பதில் சொல்லத் தொடங்கிவிட்டால், அது முடியும்வரை அடுத்த சைகைக்கு உடனே பதில் சொல்ல முடியாது. இடப்பக்கம் போவதுபோல் காட்டிவிட்டு வலப்பக்கம் பந்தை இழுக்கிறாயே, தடுக்க வந்தவள் அந்த ஒரு நொடி உறைந்து நிற்பது இதனால்தான். நம் ஊர்க் கபடியில் பாடிப் போகிறவர் காட்டும் போக்கும் இதே வித்தைதான்.

சமூகமும் விளையாட்டும் என்ற பகுதியைக் கதை என்று தள்ளிவிடாதே. தொழில்நுட்பமும் ஆடுதளமும் ஆட்டத்தை எப்படி மாற்றின என்று கேட்பார்கள். 1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வாங்கிய இந்தியா, ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்த 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழாம் இடத்துக்குப் போனது. மண்ணிலும் புல்லிலும் மட்டைவேலை காட்டிய அணிக்கு, பந்து வழுக்கிக்கொண்டு பாயும் தரையில் வேகமும் உடல்வலுவும் முதலில் தேவைப்பட்டன. அதோடு நிறுத்தாதே. தரை மட்டும்தான் காரணமா என்று நீயே எதிர்க்கேள்வி போடு. 1980 மாஸ்கோவில் மறுபடி தங்கம் வந்ததே என்று எழுது. வலுவான பல அணிகள் அந்தப் போட்டியைப் புறக்கணித்ததையும் சேர்த்து எழுது. பதினைந்து மதிப்பெண் கேள்வி எதிர்பார்ப்பது இப்படிப்பட்ட வாதத்தைத்தான். கரிசல் மண்ணில் மட்டை பிடித்த கோவில்பட்டிக்காரியின் மகள் நீ. இதை உன்னைவிட நன்றாக யார் எழுத முடியும்?

அதே பகுதியில் பெண்களும் சிறுபான்மையினரும் விளையாட வருவதற்கு உள்ள தடைகள் பற்றியும் வரும். அதைப் படிக்கும்போது என்னிடம் பேசு. ஏழாம் வகுப்பில் மானைப்போல் ஓடிய பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் மைதானத்துக்கு வராமல் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எத்தனை வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து அம்மாக்களிடம் கெஞ்சியிருக்கிறேன்! சிலரை மீட்க முடிந்தது, பலரை முடியவில்லை. திறமை இல்லாமல் ஒருத்தி கூட நிற்கவில்லை. கால்சட்டை, இருட்டுமுன் வீடு திரும்புவது, அக்கம்பக்கத்துப் பேச்சு இவைதான் நிறுத்தின. புத்தகத்தில் 'தடை' என்று ஒரு சொல்லாக இருப்பதற்குப் பின்னால் இவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

இயன்முறை மருத்துவம் படிக்கும் எண்ணம் உனக்கு இருப்பதால் இன்னொன்று. அந்தப் படிப்புக்கு உயிரியலுக்குப் பதிலாக உடற்கல்வியை ஏற்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. உயிரியலே கட்டாயம் என்பவையும் உண்டு. அதனால் உயிரியலை விட்டுவிடாதே. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் நிபந்தனையையும் அப்பாவோடு உட்கார்ந்து இப்போதே பார்த்துவிடு.

ஆட்டத்தை ஆராயும் பகுதிக்கு உன் இடப்பக்கத் தடுப்பை எடுத்துக்கொள் என்பேன். மட்டையைத் திருப்பிப் பிடிக்கும்போது நீ இடுப்பை வளைக்காமல் கையை மட்டும் நீட்டுகிறாய். எடை முன்காலுக்கு வருவதில்லை. அது பழக்கமா, இடுப்பின் நெகிழ்வுக்குறைவா, எதிராளியின் வேகத்தைக் கணிக்கத் தவறுவதா என்று பார்க்க வேண்டும். காரணம் எது என்று தெரிந்தால்தான் திருத்தத்தைச் சொல்ல முடியும். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தை அப்பாவை வீடியோ எடுக்கச் சொல். கோலுக்குப் பின்னால் நின்று எடுத்தால் கால் எங்கே விழுகிறது என்பது தெரியாது. பக்கவாட்டில், மையக்கோட்டுக்கு அருகே, கொஞ்சம் உயரத்தில் நிற்கட்டும். ஞாயிறு மாலை நம் இருவருக்கும் நேரம் ஒத்துவரும், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா